தலையணை இல்லாத படுக்கை

தலையில் அடிபட்டால் உடனே தெரிந்துவிடும், தெரியவில்லை என்றால் தப்பித்துவிட்டோம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நினைத்தவன்தான். என் பெயர் சூசை. தர்மபுரிக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தேன். 'இருந்தேன்' என்று எழுதும்போது இப்போதும் எரிச்சலாகத்தான் வருகிறது.

அடிபட்டது புளி சீசனில். பென்னாகரத்தில் பஸ்ஸின் மேல் ஏறி, கேரியரில் புளி மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஏணியில் இறங்கினேன். கால் வழுக்கி, கேரியர் கம்பியில் தலையின் இடது பக்கம் நன்றாக இடித்துக்கொண்டது. ரத்தம் வரவில்லை. டீக்கடைக்காரர் ஈரத்துணி கொடுத்தார். டிரைவர் கோவிந்தன் ஸ்டியரிங்கை விட்டுக்கூட இறங்காமல் எட்டிப் பார்த்தார்.

"சூசை, கம்பி ஏதாச்சும் நெளிஞ்சிருக்கா பாரு. முதலாளி கேப்பாரு."

நானும் சிரித்தேன். டீயைக் குடித்துவிட்டு விசில் கொடுத்தேன். புடைப்பு இரண்டு மூன்று நாளில் வற்றிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. சொல்லுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் என் மண்டைக்குள் ஒரு சின்ன ரத்தக்குழாய் பிய்ந்திருக்கிறது. அது சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் டிக்கெட் கிழித்தபோதும், சண்டை போட்டபோதும், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டபோதும் கசிந்திருக்கிறது.

புளி முடிந்து மாங்காய் ஏற்ற ஆரம்பித்த சமயம் தலைவலி வந்தது. காலையில் எழுந்தால் மண்டை கனக்கும். பெட்டிக்கடையில் தலைவலி மாத்திரை கிடைக்கும், யாரும் டாக்டர் சீட்டுக் கேட்க மாட்டார்கள். வாங்கி வாங்கி விழுங்கினேன். அந்த மாத்திரை ரத்தத்தை உறைய விடாமல் நீர்க்கச் செய்யும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். கசிகிற இடத்துக்கு நானே வழி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம்.

அப்புறம் செருப்பு. இண்டூரில் ஒரு நாள் கூட்டத்தில் முன்னால் போய்த் திரும்பி வருகிறேன், படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என் வலது கால் செருப்பைக் கையில் எடுத்து நீட்டினார்.

"கண்டக்டரே, ஒத்தைக் காலோட நடக்கிறீங்களே, தெரியலீங்களா?"

தெரியவில்லை. காலுக்குக் கீழே தகரத் தரை சுட்டதுகூடத் தெரியவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. செருப்பு பழசு என்று புதுசு வாங்கினேன். புதுசும் கழன்றது.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது அதுவல்ல. அதகபாடி, இண்டூர், பென்னாகரம், மடம், ஒகேனக்கல் என்று நிறுத்தங்களைக் கத்திக் கூப்பிடுவதுதான் என் பிழைப்பு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு நாள் பென்னாகரம் தாண்டி வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. செக்போஸ்ட் கண்ணெதிரே நிற்கிறது. அந்த ஊருக்குப் பெயர் இருக்கிறது என்று தெரிகிறது. பெயர் மட்டும் இல்லை. பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்சீட்டில் ஒருவர், "காலையிலயே ஊத்திக்கிட்டு வந்துட்டாரு போல" என்றார். வாழ்நாளில் தொட்டதில்லை நான். பதில் சொல்ல நினைத்தேன், நாக்கு புரளவில்லை.

முதலாளி கூப்பிட்டு, நாலு நாள் வீட்டில் இரு என்றார். அவரும் மோந்து பார்க்கிற மாதிரிதான் கிட்டே வந்து பேசினார். வீட்டில் என் மனைவி லூர்துவும் என் அக்கா அந்தோணியம்மாவும் இருந்தார்கள். லூர்து பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். கணவன் இறந்ததும் எங்களோடு வந்துவிட்டாள். லூர்து எனக்கு ரத்தக்கொதிப்பு என்றாள். அக்கா கண்ணேறு என்றாள். கோவிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்து, வலிக்கிற இடத்தைச் சரியாகத் தொட்டு அழுத்தித் தேய்த்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நாலாம் நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. வலது கை பக்கத்து வீட்டுக்காரன் கை மாதிரி சும்மா தொங்கியது. லூர்து என்னவோ கேட்டாள். நான் சொன்ன பதில் தமிழே இல்லை என்று அவள் பிறகு சொன்னாள். இங்கிருந்து கொஞ்ச தூரம் எனக்கு நினைவில்லை. அவளும் கோவிந்தனும் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தெரு வழியாகத்தான் பஸ் போகும். லூர்து ரோட்டில் குறுக்கே நின்று மறித்திருக்கிறாள். கோவிந்தன் என்னைத் தூக்கிக் கடைசி சீட்டில் போட்டுக்கொண்டு, ஒகேனக்கலுக்குப் போக வேண்டிய வண்டியைத் திருப்பி நேராக மிஷன் ஆஸ்பத்திரிக்கு விட்டிருக்கிறார். மீன் வாங்கப் போனவர்களும் மொட்டையடிக்கப் போனவர்களும் கூடவே வந்தார்கள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் கோவிந்தன் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத முடியாது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் இருந்தார். ஒல்லியான மனிதர், சிரித்தே பார்த்ததில்லை. தொப்பூர் கணவாயில் உருளும் லாரிகளிலிருந்து வருகிற மண்டைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். என் கண்ணில் டார்ச் அடித்தார். உள்ளங்காலைச் சாவியால் கீறினார். பிறகு லூர்துவிடம் கேட்டார்.

"தலையில எப்பவாவது அடிபட்டுச்சாம்மா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் முன்னாடி? சின்ன அடியா இருந்தாலும் பரவால்ல."

லூர்து இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அக்காவுக்கும் தெரியாது. கதவோரம் நின்ற கோவிந்தன்தான் மெதுவாக, "புளி கட்டுறப்போ ஒரு தடவ கேரியர்ல இடிச்சுக்கிட்டாருங்க. ஆனா அது எப்பவோங்க, நான்கூடக் கேலி பண்ணேன்" என்றாராம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம்.

டாக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே உறைகள் உண்டு. அடிபடும்போது உறைக்குக் கீழே ஓடுகிற சின்னக் குழாய் பிய்ந்து ரத்தம் கசியலாம். பெரிய குழாய் என்றால் அன்றைக்கே ஆள் விழுந்துவிடுவான். சின்னது என்றால் வாரக்கணக்கில் கசிந்து, பழசாகி, நீர்த்து, அங்கேயே தேங்கும். மண்டையோடு விரியாது, அதனால் மூளை நசுங்கும். இடது பக்கம் நசுங்கினால் வலது கையும் காலும் போகும், பேச்சும் போகும். அதற்கப்புறம் மூச்சு.

"உறுதியாச் சொல்லணும்னா ஸ்கேன் எடுக்கணும். அந்த மெஷின் இப்போதைக்கு பெங்களூர்லதான் வந்திருக்கு. இவரு கண்ணுமணி ஒண்ணு பெருசாக ஆரம்பிச்சிருக்கு. ஓசூர் தாண்டறதுக்குள்ள மூச்சு நின்னா நீங்க திரும்பித்தான் வரணும். இங்கயே தொறக்கறேன்னா, படம் இல்லாமத்தான் தொறக்கணும்."

"தொறந்து பாத்து உள்ள ஒண்ணும் இல்லன்னா?" என்று லூர்து கேட்டிருக்கிறாள்.

"தலையில ரெண்டு ஓட்டையோட, இதே வியாதியோட இருப்பாரு."

லூர்து அழுதுகொண்டே கைநாட்டு வைப்பவள் இல்லை. நல்ல கையெழுத்து அவளுக்கு. அன்றைக்கு ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று போட்டது மட்டும் தன் கையெழுத்து மாதிரியே இல்லை என்று சொல்வாள்.

தலையை மழித்து இடது பக்கம் இரண்டு துளை போட்டார்கள். உள்ளே இருந்தது பீறிக்கொண்டு வந்ததாம். வெளியே வந்து டாக்டர் சொன்னது, "பழைய எஞ்சின் ஆயில் மாதிரி கறுப்பா இருந்தது." கோவிந்தன் அதற்கப்புறம் ஒரு மாதம் தன் கையால் ஆயில் மாற்றவில்லை. கிளீனரை மாற்றச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாராம்.

கண் விழித்தபோது எனக்கு முதலில் தெரிந்தது லூர்துவின் முகம். "யாருன்னு தெரியுதுங்களா?" என்றாள். "லூர்து" என்றேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அக்கா என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "அமுக்கு தம்பி" என்றாள். அமுக்கினேன். அக்கா வார்டு முழுவதும் போய், அடுத்த கட்டில்காரர்களிடமெல்லாம் தம்பி அமுக்கிய கதையைச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் டாக்டர் வந்தார். என் தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கிக் கட்டிலுக்குக் கீழே ஒரு பையில் விழுந்துகொண்டிருந்தது. மிச்சம் மீதி வடிவதற்கு. அவர் தலையணையை உருவி எடுத்தார்.

"இனி நான் சொல்ற வரைக்கும் தலையணை கெடையாது. மல்லாந்து மட்டமாப் படுக்கணும். உக்காரக் கூடாது. சாப்பாடும் படுத்தபடியேதான், ஸ்பூன்ல. நசுங்கின மூளை கொஞ்சம் கொஞ்சமா மேல எழும்பி அந்த எடத்தை அடைக்கணும். தலையைத் தூக்கினா மூளை கீழ எறங்கிரும். எடம் காலியாவே இருக்கும். காலியா இருந்தா மறுபடி ரத்தம் வந்து ரொம்பும்."

"திரும்ப வருமாங்க?" என்றேன்.

"நல்லா ஆகிடறவங்கதான் ஜாஸ்தி. சிலருக்குத் திரும்ப வரும். வலிப்பு வரலாம். சீழ் புடிக்கலாம். கை வந்து பேச்சு வராமப் போகலாம். வயசானவங்க சிலர் எந்திரிக்கிறதே இல்ல. நான் மறைக்க மாட்டேன்."

மறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

வந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் நோயில் படுத்தவனைப் பார்க்க ஊரே வரும். என் விஷயத்தில் ஊருக்கு பஸ்ஸும் சும்மா. எந்த வண்டி டிரைவரும் சூசையைப் பார்க்கப் போகிறேன் என்றால் காசு வாங்குவதில்லை. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்துகொண்டே இருந்தார்கள். பெரியவர்கள் வந்தால் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பேசுகிற பழக்கம் எங்களிடம் கிடையாது. முதலாளி வாசலில் தலை காட்டியதும் என் உடம்பு தானாக எழுந்தது. "இருப்பா, இரு" என்று அவர் வாயால் சொன்னார். ஆனால் நான் எழுந்து உட்கார்ந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பங்குச் சாமியார் வந்தபோதும் எழுந்தேன். என் மாமனார் வந்தபோது, அவரே முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, "பரவால்ல, மாப்பள தெம்பாத்தான் இருக்காரு" என்றார். சிஸ்டர் பார்க்கும்போதெல்லாம் சத்தம் போட்டார். சிஸ்டர் போனதும் அடுத்த கூட்டம் வந்தது.

அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை மட்டமாகப் படுக்க வைத்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் பக்கம் பார்க்காமலே கஞ்சி ஊட்டுவாள். ஒரு மத்தியானம் லூர்து வீட்டுக்குப் போயிருந்தாள், வார்டு அரைத் தூக்கத்தில் இருந்தது. என் பிடரிக்கு அடியில் ஏதோ மெத்தென்று நுழைந்தது. கண்ணைத் திறந்தேன். அக்கா தன் பச்சைச் சேலையை நாலாக மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, டாக்டரு வேணாம்னாரு."

"அப்பா செத்தன்னைக்கு மொதல்ல தலகாணியத்தான்டா உருவுனாங்க. உருவிட்டு மட்டமாப் போட்டாங்க. நீ அப்படிக் கெடக்கறத என்னால பாக்க முடியல. கொஞ்ச நேரம் இருக்கட்டும், சிஸ்டர் வந்தா எடுத்துடறேன்."

அந்தக் கொஞ்ச நேரம் தினமும் வந்தது. சிஸ்டரின் செருப்புச் சத்தம் கேட்டால் சேலை மாயமாகிவிடும், போனதும் வந்துவிடும். பொய் சொல்ல மாட்டேன், கழுத்துக்குச் சுகமாகத்தான் இருந்தது. குழாயை எடுத்தார்கள். தையல் காய்ந்தது. பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை, அது எல்லா வீட்டுக்கும் தெரிந்த கதை. இன்னும் ஓரிரு நாளில் வீட்டுக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்று காலை ஸ்பூன் என் கையிலிருந்து விழுந்தது. லூர்து சும்மா எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது. எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் கேட்டேன். லூர்து நகரவில்லை, என்னையே பார்த்தாள்.

"என்ன கேட்டீங்க?"

மறுபடி கேட்டேன். இந்தத் தடவை என் காதிலும் விழுந்தது. நான் தண்ணீர் என்று சொல்லவில்லை. "இண்டூர்" என்று சொன்னேன். தண்ணீர் வேண்டும் என்று மனசுக்குள் நன்றாகத் தெரிகிறது. வாயைத் திறந்தால் இண்டூர், இண்டூர். முதல் தடவை எனக்கு நினைவில்லாமல் போனது எவ்வளவு பெரிய புண்ணியம் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தத் தடவை எல்லாம் தெரிந்தது.

டாக்டர் வந்தார். டார்ச், சாவி, கை, கால். "மறுபடி சேர்ந்திருக்கு" என்றார். தலையைத் தூக்கிப் பார்க்கக் கையைக் கொடுத்தவர், பச்சைச் சேலையை இழுத்து எடுத்தார். அன்றைக்கு அவர் வந்த அவசரத்தில் அக்கா அதை எடுக்க மறந்திருந்தாள்.

"யாரு வெச்சது?"

லூர்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் பேச்சில்லை. அக்கா சுவரோரத்திலிருந்து, "நான்தானுங்க" என்றாள். "அதனாலதாங்களா?"

டாக்டர் சேலையை மடித்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. மட்டமாவே படுத்திருந்த ஆளுங்களுக்கும் திரும்ப வந்திருக்கு. வராமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது."

சேலையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் அக்கா அழுது தீர்த்திருப்பாள். தெரியாது என்ற அந்த வார்த்தையை அவள் என்ன செய்வாள்? அதை இன்றைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிட மோசம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். எனக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது, மயக்க மருந்து கொடுத்தால் நுரையீரல் தாங்காது. அதனால் தலையில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, முழிப்போடு செய்ய வேண்டும். பழைய துளைகளோடு இன்னொன்றும் போட வேண்டும். கழுவும்போது புது ரத்தம் கசியலாம். மூளை இனி எழும்பாமலே போகலாம். பேச்சு இப்படியே நின்றுவிடலாம். லூர்து எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். இந்தத் தடவை கையெழுத்து நன்றாக இருந்தது, அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் அதிகமானது. அக்கா வார்டுக்குள் வரவில்லை. கேட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாளாம். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை.

முகத்தைத் துணியால் மூடினார்கள். ஊசி சுரீரென்றது, பிறகு தலை மரக்கட்டையானது. துளை போடுவது கையால் சுற்றுகிற கருவிதான், நிலைக்கதவுக்கு ஆசாரி ஓட்டை போடுவது போலத்தான். வலி இல்லை. சத்தம்தான். அது காதில் கேட்கவில்லை, பல்லில் கேட்டது, தாடையில் கேட்டது, எனக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்து அறுக்கிற மாதிரி கேட்டது. சத்தம் திடீரென்று நின்றது. நின்றபோதுதான் உயிர் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சூசை, பேசிக்கிட்டே இருங்க. என்ன வேணா பேசுங்க. நீங்க நிறுத்தினா எனக்குக் கவலை வரும்."

என்ன பேசுவது? வெதுவெதுப்பாக ஏதோ கழுத்தோரம் வழிந்தது. மூடிய துணிக்கு உள்ளே நான் வாயைத் திறந்தேன்.

"இண்டூர்."

"சரி. அடுத்தது?"

"இண்டூர்... இண்டூர்."

"அதுக்கு முன்னாடி எந்த ஊரு?"

வெகுநேரம் ஆனது. தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம், பாத்திரத்தில் விழுகிற சத்தம். ஏதோ ஒன்று தலைக்குள் தளர்ந்தது. கட்டிய கயிற்றை யாரோ ஒரு சுற்று அவிழ்த்தார்கள். "அதகபாடி" என்றேன். சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம். "அதகபாடி, இண்டூர், பென்னாகரம்." டாக்டர், "போங்க, போங்க, வண்டியை நிறுத்தாதீங்க" என்றார். அவர் குரல் மாறியதை அன்றைக்கு மட்டும்தான் கேட்டேன். பென்னாகரத்துக்கு அப்புறம் செக்போஸ்ட் வந்தது. அதன் பெயர் வரவில்லை. நேராக ஒகேனக்கல் என்று சொல்லிவிட்டேன்.

வார்டுக்குத் தூக்கி வந்து மட்டமாகப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் அக்கா வந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் ஆளே வேறு. வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. முதலாளி வந்தபோது, "வாசல்லருந்தே பாத்துட்டுப் போங்க. அவன் எந்திரிக்க மாட்டான்" என்றாள். சாமியாரிடமும் அதையேதான் சொன்னாள், கூட ஒரு ஸ்தோத்திரம் சேர்த்துக்கொண்டாள். மாமனார் முறைத்துக்கொண்டு போனார், ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. எனக்குத் தும்மல் வந்தால்கூட ஓடிவந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்த அன்று அக்கா தன் தலையணையைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டாள்.

"நீ எல்லா ஊரும் தட்டாமச் சொல்ற வரைக்கும் எனக்குத் தலகாணி வேணாம். மாதாகிட்ட சொல்லிட்டேன்."

"என்னண்ணி இது, டாக்டரே உங்களால இல்லன்னுதான சொன்னாரு?" என்றாள் லூர்து.

"இல்லன்னு எங்க சொன்னாரு லூர்து? தெரியாதுன்னாரு."

அன்றுமுதல் தினம் சாயங்காலம் எனக்குப் பரீட்சை. அக்கா எதிரே உட்காருவாள். நான் அதகபாடியில் புறப்படுவேன். பென்னாகரம் தாண்டியதும் நிற்பேன். லூர்து உதட்டை அசைத்துக் காட்டுவாள், அக்கா அவளை அதட்டுவாள். சில நாள் கோபத்தில், "மொட்டத் தரையில படுத்துச் சாவு, எனக்கென்ன" என்று கத்தியிருக்கிறேன். அவள், "கோவம் நல்லா வருது, பேச்சு வந்துடும்" என்பாள்.

ஆஸ்பத்திரியில் சொன்ன மற்றவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நடந்தன. ஒரு தடவை வலிப்பு வந்தது, அதற்கு மாத்திரை இன்றும் சாப்பிடுகிறேன். வலது கை முக்கால் பங்கு வந்தது. பஸ் மேல் ஏறக் கூடாது, ஓடும் வண்டியில் நிற்கக் கூடாது. முதலாளி என்னைப் பஸ் நிலையத்தில் நேரம் பார்க்கிற வேலையில் உட்கார வைத்தார். தலைவலி மாத்திரையைக் கையால் தொடுவதில்லை. எந்தத் தலைவலி வந்தாலும், அது வெயிலாலா, தூக்கமில்லாமலா, அல்லது அதுவா என்று மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்திருப்போம். இந்த வியாதி கொடுத்த பெரிய தண்டனை இந்தக் காத்திருப்புதான்.

மறு வருஷம், மறுபடி புளி வந்த சமயம். வேலை முடிந்து தெருவில் நடந்து வந்தேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் வரும்போதே ஏதோ உற்சாகம், கத்த ஆரம்பித்துவிட்டேன்.

"அதகபாடி, இண்டூர், பென்னாகரம், மடம், ஒகேனக்கல்!"

மடம். தானாக வந்தது. உள்ளேயிருந்து லூர்து கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள். அக்கா மட்டும் அசையவில்லை. முறத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை.

லூர்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தத் தகரத் தரை, அந்தச் சத்தம், துணிக்குள் மூடிய இருட்டு எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். குரல் எனக்கே நம்பும்படி இல்லை. அக்கா எழுந்தாள். என்னைத் தாண்டித் தெருவில் நடந்தாள். ஓடவில்லை. மண்ணில் என் செருப்பு கிடந்த இடத்தில் குனிந்து, எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரும்பி வந்து அதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வார் அறுந்திருக்குடா" என்றாள். "வார்தான்டா அறுந்திருக்கு." சொல்லிவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் அழாத அழுகையை எல்லாம் அழுதாள்.

லூர்து பரணிலிருந்து தலையணையை எடுத்து, தூசு தட்டி, வெள்ளை உறை போட்டுக் கொண்டுவந்தாள். அக்கா வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். அதில் அவள் தலை வைத்துப் படுத்ததை நான் இன்றுவரை பார்க்கவில்லை.